ருமஸ்ஸலக் குன்றின் குட்டிக் குடைகள்



காலிப் பக்கம் வருகின்ற உங்களில் அநேகர் கோட்டை மதிலில் ஏறி நின்று கடலைப் பார்த்திருப்பீர்கள். மீரான் ஜும்ஆப் பள்ளியையும் அதன் எதிரே நிற்கும் வெளிச்சவீட்டையும் படம் பிடித்திருப்பீர்கள். அவ்விடத்தில் நின்று குடாவின் மறுகரையை நோக்கினால், கடலுக்குள் மூக்கை நீட்டியபடி பச்சையாய் ஒரு குன்று தெரியும். அதுதான் ருமஸ்ஸல. அனுமான் தூக்கி வந்த மூலிகை மலையிலிருந்து விழுந்த துண்டுதான் அது என்று அயலவர்கள் கதை சொல்வார்கள். இன்று அங்கே போகின்றவர்கள் உச்சியிலுள்ள வெள்ளைச் சமாதானத் தூபியைப் பார்க்கவும், கீழேயுள்ள சிறு கடற்கரையில் குளிக்கவும்தான் போகின்றார்கள். இரண்டுக்கும் இடையிலே கிடக்கும் காட்டை யாரும் நின்று பார்ப்பதில்லை.

கடந்த ஒக்டோபரில், மூன்று நாள் அடைமழை விட்ட மறுநாள் காலையில், நான் அந்தக் காட்டுக்குள் போனேன். கடலையோ தூபியையோ பார்ப்பதற்காக அல்ல. மூன்று மணி நேரமும் தலையைக் குனிந்து தரையைப் பார்ப்பதற்காக. சட்டைப்பையில் இரண்டு பென்சில். தோள்பையில் ஒரு கொப்பி, ஒரு சிறு கத்தி, ஓர் அளவுகோல், வெறும் நெருப்புப் பெட்டிகள் இருபது. அறுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியன் ஒருவன் நெருப்புப் பெட்டிகளோடு காட்டுக்குள் போவதைக் கண்டால் நீங்களும் சிரிப்பீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். நாங்கள் தேடிப் போனவை காளான்கள். அதுவும் சமைக்கும் காளான்கள் அல்ல. விரல் நகத்தை விடப் பெரிதாக வளராத குட்டிக் காளான்கள்.

"நாங்கள்" என்றேன். என்னோடு வந்தது என் தங்கச்சியின் மகள். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கின்றாள். ஏன் இந்த வேலை என்று சொல்வதானால், நான் கொஞ்சம் வெட்கப்படக் கூடிய பழைய கதையொன்றை முதலில் சொல்ல வேண்டும்.

கழுவிய சட்டி

2008 ஆம் ஆண்டு. மருமகளுக்கு அப்போது ஆறு வயது. மழை விட்ட ஒரு காலையில், வீட்டுக்குப் பின்னாலுள்ள தென்னந்தோட்டத்துப் புல்லில் கைவிரித்த அளவில் வெள்ளை வெளேரென்று காளான்கள் பூத்திருந்தன. "சின்ன வயதில் நாங்கள் இதைத்தானே சாப்பிட்டோம்" என்று சொல்லி ஒரு சுளகு நிறையப் பறித்து வந்தவன் நான்தான். தங்கச்சி தயங்கினாள். நான் ஆசிரியன், மூத்தவன். என் வார்த்தைக்கு மறுவார்த்தை சொல்ல அவளால் முடியவில்லை. தேங்காய்ப் பால் விட்டு ஆக்கினாள். பகல் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் ஆகவில்லை, பிள்ளை வாந்தி எடுக்கத் தொடங்கினாள். வயிற்றோட்டமும் சேர்ந்துகொண்டது. மாலையாகும்போது கண்கள் குழிவிழுந்து தோளில் துவண்டு கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "என்ன காளான்? மிச்சம் ஏதும் கொண்டு வந்தீர்களா?"

மிச்சம் ஏது? கறிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. வெட்டி எறிந்த தண்டுகளைக் கோழி கிளறிவிட்டது. "வெள்ளை நிறம், குடை போல" என்பதைத் தவிர எனக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. இருபது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாய் அன்று அடைத்துக் கொண்டது. அல்ஹம்துலில்லாஹ், சேலைன் ஏற்றி இரண்டு நாளில் பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள். ஆனால் அந்த இரண்டு இரவுகளும் கட்டிலருகே நான் நின்ற நிலையை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

அந்தப் பிள்ளைதான் இப்போது எனக்கு முன்னால் குனிந்து நடந்தாள். "நில்லுங்க மாமா, காலை வைக்க வாணாம்!" என்று அவள் சத்தமிட்டபோது என் செருப்புக்கு ஒரு சாண் முன்னால் அன்றைய முதற் காளான் நின்றது.

காற்றுப் பக்கமும் காட்டுப் பக்கமும்

மாத்தறை வீதியில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஏற்றத்தில் நடந்தால், காலி நகரத்திலிருந்து ஐந்து கிலோமீற்றரளவில் காடு தொடங்கிவிடுகின்றது. சிங்கராஜாவைப் போன்ற பெருங்காடு என்று எண்ணி வந்துவிடாதீர்கள். கடலோரக் குன்றொன்றில் மிஞ்சியிருக்கும் சிறு காடு இது. எனினும் அதற்குள்ளேயே இரண்டு வேறு நாடுகள் இருக்கின்றன. கடலைப் பார்த்த சரிவில் உப்புக் காற்று ஓயாமல் அடிப்பதால் இலைச் சருகு மணிக்கணக்கில் காய்ந்து போகின்றது. அங்கே அரை மணி நேரம் தேடியும் பட்ட கிளையில் ஒட்டியிருந்த விசிறிக் காளானைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. விரல் வைத்தால் கம்பளி போல் இருக்கும் இந்தச் சாம்பல் நிற விசிறி, உலகத்தின் அநேக நாடுகளில் முளைக்கின்ற ஒன்று. சிங்களத்தில் 'லேனா ஹத்து' என்று பெயர். காய்ந்தால் சுருண்டு தகடுகளை மூடிக்கொள்ளும். மழை பட்டால் மீண்டும் விரிக்கும். ஆகவேதான் காற்றுப் பக்கத்தில் அதற்குப் பிழைப்பு உண்டு.

முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும் உட்சரிவுக்குத் திரும்பினோம். காற்று நின்றது. கால் வைத்த இடமெல்லாம் ஈரம் சொதசொதத்தது. முதலில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. "குந்துங்க மாமா" என்றாள். குந்திய பிறகுதான் தெரிந்தது, நாங்கள் ஓர் ஊரின் நடுவிலே இருக்கின்றோம் என்று.

சருகுக்கு மேலே குதிரை மயிர் போன்ற கறுத்த தண்டுகள்; ஒவ்வொன்றின் நுனியிலும் சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத இளஞ்சிவப்புக் குடை. மராஸ்மியஸ் என்னும் இனத்தைச் சேர்ந்தவை இவை. இவற்றில் சில வகைகளின் கறுத்த நார்களைப் பறவைகள் கூடு கட்ட எடுத்துப் போகின்றனவாம். உக்கிய மரக்குற்றி ஒன்றில் நூற்றுக்கணக்கில், சந்தைக்குத் திரண்ட சனம் போலச் சாம்பல் நிறத் தொப்பிகள். பட்ட சுள்ளி ஒன்றில் செம்மஞ்சட் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துளி மழைநீர். கறையான் புற்றருகே வெறும் மண்ணில், அரிசி சிந்தியது போல் வெள்ளைக் காளான்கள். இந்தக் கடைசி வகையின் கதை விசேஷமானது. கறையான்கள் தம் புற்றுக்குள் காளான் பயிர் செய்கின்றன. பயிர் வளரும் அந்தப் பாத்திகளின் துண்டுகளை அவை வெளியே கொண்டு வந்து போட, அதிலிருந்து இந்தக் குட்டிகள் கூட்டமாக முளைக்கின்றன. இலங்கையிலிருந்து போன மாதிரியைக் கொண்டு 1871 ஆம் ஆண்டு இதற்குப் பெயர் வைத்தார்கள்.

பறிப்பதல்ல, பதிவதே வேலை

அழகாக இருக்கின்றதென்று ஒன்றை இழுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். இழுத்தால் அடிப்பகுதி மண்ணுக்குள் தங்கிவிடும். தண்டின் அடியில் கிண்ணம் போன்ற உறை இருக்கின்றதா என்பது உயிர் காக்கும் கேள்வி. உலகிலேயே மிகக் கொடிய காளான்கள் சிலவற்றின் அடையாளம் அந்த உறைதான். ஆகவே கத்தியால் மண்ணோடு சேர்த்துக் கிளப்ப வேண்டும்.

கிளப்புவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகின்றது. முதலில் நின்ற நிலையில் ஒரு படம்; பக்கத்தில் அளவுகோல். பிறகு கொப்பி. திகதி, இடம், எதன் மேல் முளைத்தது: மண்ணிலா, சருகிலா, மரத்திலா, எந்த மரத்தில்? தனியாகவா, கூட்டமாகவா? தொப்பியின் அகலம் எத்தனை மில்லிமீற்றர்? நிறம் என்ன? அடியிலுள்ள தகடுகள் தண்டைத் தொடுகின்றனவா, விலகி நிற்கின்றனவா? தண்டில் வளையம் உண்டா? கீறினால் நிறம் மாறுகின்றதா, பால் வடிகின்றதா? முகர்ந்தால் என்ன வாசம்? ஒரு காளானுக்கு இத்தனை கேள்விகளா என்று சலித்துக்கொண்டேன். "வீட்டுக்குப் போனால் இதில் பாதியைக் கேட்க ஏலாது மாமா. நிறம் போயிரும், வாசம் போயிரும். மிஞ்சுறது காய்ந்த தோல் மட்டும்தான்" என்றாள்.

உண்மைதான். நான் குறும்பாக ஒன்றை எழுதாமலே பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தேன். மாலையில் திறந்து பார்த்தபோது எருமைத் தோலில் கிள்ளியெடுத்தது போல் ஏதோ ஒன்று கிடந்தது. காலையில் அது ஊதாவா நீலமா என்று எனக்கே ஞாபகம் இல்லை. அதைக் குப்பையில்தான் போட வேண்டியிருந்தது.

நெருப்புப் பெட்டி எதற்கென்று இப்போது விளங்கியிருக்கும். பொலித்தீன் பையில் போட்டால் வியர்த்து விரைவில் அழுகிவிடும். பெட்டிக்குள் ஈரப் பாசி ஒரு கிள்ளு வைத்து, பதிவிலக்கத்தை எழுதிய கடதாசித் துண்டோடு ஒரு காளானை வைத்தால் வீடு போகும் வரை குலையாது. எந்த வகையிலும் இரண்டு மூன்றுக்கு மேல் எடுக்கவில்லை. எடுப்பதற்கும் துறையின் கடிதமும் உரிய அனுமதியும் அவளிடம் இருந்தன. பாதுகாக்கப்பட்ட காட்டில் அனுமதியின்றி ஒரு சருகையும் எடுக்கக் கூடாது என்பதை நீங்களும் நினைவில் வையுங்கள். படம் எடுப்பதற்கும் கொப்பியில் எழுதுவதற்கும் காளானைக் கிளப்ப வேண்டியதில்லை.

இரவில் எழுதும் காளான்

அன்றிரவு தங்கச்சியின் சாப்பாட்டு மேசை எங்கள் ஆய்வுகூடமானது. பாதி வெள்ளை, பாதி கறுப்பாகக் கடதாசி ஒட்டி, அதன் மேல் தண்டு நீக்கிய தொப்பியைக் கவிழ்த்து, மேலே ஒரு கிளாஸை மூடி வைத்தோம். காலையில் தொப்பியைத் தூக்கினால் கடதாசியில் கோலம் போட்டது போல் ஒரு தூள் படிந்திருக்கும். அவைதான் வித்திகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு அளவில். தனித்தனியே பார்க்க நுணுக்குக்காட்டி வேண்டும். கூட்டமாகச் சேர்ந்தால் நிறம் தெரியும்: வெள்ளை, இளஞ்சிவப்பு, கபிலம், கறுப்பு. வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு காளான்கள் இந்த நிறத்தில் பிரிந்துவிடும். வெள்ளைத் தூள் கறுப்புப் பாதியிலும் கறுப்புத் தூள் வெள்ளைப் பாதியிலும் தெரிய வேண்டும் என்பதற்காகவே இரண்டு நிறக் கடதாசி.

இவ்விடத்தில் பழைய கதைக்கு வருகின்றேன். இரண்டு வருடங்களுக்கு முன்னர் அதே தென்னந்தோட்டத்தில் அதே போன்ற பெரிய வெள்ளைக் காளான்கள் மீண்டும் பூத்தன. மருமகள் ஒன்றைக் கொண்டு வந்து இப்படித்தான் கவிழ்த்து வைத்தாள். காலையில் கடதாசியில் பச்சைத் தூள்! காளான்களில் பச்சை வித்தி மிக அரிது. குளோரோஃபிலம் மொலிப்டைட்டிஸ் என்ற வகை அது. புல்வெளிகளில் வளரும். இளசாயிருக்கும்போது தகடுகள் வெள்ளையாகவே இருப்பதால் நல்ல காளான் என்று ஏமாந்து பல நாடுகளில் மக்கள் அதை உண்டு வாந்தி எடுக்கின்றார்கள். சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள்.

"அன்றைக்கு நான் தின்னது இதைத்தானா மாமா?" என்று கேட்டாள்.

ஆம் என்று சொல்ல நாக்கு எழுந்தது. ஆனால் சத்தியம் செய்ய முடியாது. இடம் பொருந்துகின்றது, உருவம் பொருந்துகின்றது, நேரமும் பொருந்துகின்றது. ஆனாலும் அன்று ஒரு தண்டையாவது நாங்கள் எடுத்து வைக்கவில்லையே! ஒரு நெருப்புப் பெட்டியில் ஒரு துண்டு இருந்திருந்தால் டொக்டரின் கேள்விக்கும் பிள்ளையின் கேள்விக்கும் விடை இருந்திருக்கும்.

கப்பலேறிய காளான்கள்

எடுத்து வைத்தவர்களின் கதையையும் கேளுங்கள். பேராதனைப் பூங்காவை 1849 முதல் 1880 வரை நடத்திய துவெயிட்ஸ் என்பவர், இந்நாட்டுக் காளான்களையும் ஏனைய பங்கசுகளையும் உலர்த்தி இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பேர்க்லி என்ற கிறிஸ்தவப் போதகரும் அவருடைய நண்பர் புரூமும் அவற்றை ஆராய்ந்து நூற்றுக்கணக்கான வகைகளுக்குப் பெயர் வைத்தனர். பேர்க்லி தன் சேகரிப்பை 1879 இல் இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொடுத்தார். 1905 இல் பேராதனைக்கு வந்த பெட்ச் என்ற பங்கசு அறிஞர், முன்னோர் உலர்ந்த துண்டுகளை வைத்துப் பெயரிட்டவற்றைக் காட்டிலேயே உயிரோடு தேடிப் பார்த்தார். அவரும் பிஸ்பியும் தொகுத்த இலங்கைப் பங்கசுகளின் பட்டியல், பெட்ச் காலமான பின்னர் 1950 இல் வெளிவந்தது. 1986 இல் பெக்லர் என்பவர் குடைக்காளான்களுக்கு மட்டும் தனி நூலே எழுதினார்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டாம். 1869 இல் இங்கிருந்து சில கோப்பி இலைகள் அனுப்பப்பட்டன. இலையின் அடியில் செம்மஞ்சள் தூள். அது ஒரு புதிய பங்கசு என்று பேர்க்லி அதே வருடம் எழுதினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த இருபது வருடங்களுக்குள் இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, அந்த மலைகளில் தேயிலை ஏறியது. நீங்கள் காலையில் தேநீர் குடிப்பதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூளும் ஒரு காரணம்!

இன்று உலகில் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பங்கசு வகைகளுக்குப் பெயர் உண்டு. இருக்கக் கூடியவை இருபது இலட்சத்துக்கு மேல் என்று 2017 இல் அறிஞர்கள் கணித்தார்கள். அப்படியானால், பஸ் கட்டணத்தில் போய் வரக்கூடிய ஒரு குன்றிலும் பெயரில்லாத ஒன்று உங்கள் காலடியில் நிற்கலாம்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை

இதை வாசித்துவிட்டு யாரும் காளான் பறித்துச் சமைக்கப் புறப்பட வேண்டாம். வெள்ளிக் காசு போட்டால் நஞ்சு கறுக்கும், மஞ்சள் போட்டால் நிறம் மாறும், பூச்சி தின்றது மனிதனுக்கும் நல்லது என்று சொல்லும் சோதனைகள் எல்லாமே பொய். அவிப்பதாலும் எல்லா நஞ்சும் போகாது. 'கம்அ' என்பது 'மன்னு' வகையைச் சேர்ந்தது என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் வந்திருக்கின்றதே என்று சிலர் கேட்பதுண்டு. நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டது பாலைநிலத்தில் மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு போன்ற வகையை. எங்கள் வளவில் முளைக்கும் குடையெல்லாம் அதற்குள் அடங்காது.

தவறிச் சாப்பிட்டு யாருக்காவது வருத்தம் கண்டால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சமைத்த மிச்சம், வெட்டிய தண்டு, எடுத்த வாந்தி, எது இருந்தாலும் கையோடு கொண்டு போங்கள். சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்குப் பின்னர் வருத்தம் தொடங்கினால் இன்னும் ஆபத்து. அவ்வாறான நஞ்சுகள் ஈரலைக் கெடுப்பவை. இடையில் சுகமானது போல் காட்டி ஏமாற்றவும் கூடும்.

இருபத்துமூன்றாம் இலக்கம்

அன்று எங்கள் கொப்பியில் ஏறியவை இருபத்துமூன்று. முந்நூறு அடித் தூரத்துக்குள். பதினெட்டுக்கு இனப்பெயர் அளவிலாவது அவள் எழுதிவிட்டாள். மற்றவை நுணுக்குக்காட்டிக்கும் மரபணுச் சோதனைக்கும் காத்திருக்கின்றன. காய வைத்துத் தாளுறையில் இட்டு, இலக்கம் எழுதி, துறையில் ஒப்படைத்துவிட்டாள்.

கடைசியாகக் கண்டது, திரும்பி இறங்கும் வழியில், தாழம்புதர் ஓரத்துச் சருகில். தொப்பி நான்கு மில்லிமீற்றர். பால் வெள்ளை. தண்டு மயிரை விட மெல்லியது. அதன் பக்கத்தில் மற்றொன்று இல்லை. நான் கத்தியை நீட்டினேன். அவள் தலையசைத்தாள். ஒன்றே ஒன்று நிற்கும்போது எடுப்பதில்லை என்பது அவள் வைத்திருக்கும் சட்டம். எட்டுப் படம் எடுத்தாள். நான் கொப்பியில் எழுதினேன். திகதி, இடம், அளவு, நிறம், வாசம் இல்லை. பெயர் என்ற கட்டத்தில் எழுத எதுவும் இருக்கவில்லை. ஒரு கோடு மட்டும் போட்டேன்.

நாங்கள் எழுந்து நிற்கும்போது காற்று திரும்பி மழை மீண்டும் தூறத் தொடங்கியது. அந்தக் காளான் மறுநாள் இருந்திருக்காது. கொப்பியில் இருக்கின்றது. அடுத்த மழைக்கு அதே தாழம்புதருக்குப் போவோம், இன்ஷா அல்லாஹ். உங்கள் வளவிலும் மழை விட்ட காலையில் ஏதாவது முளைத்திருந்தால், பிள்ளைகளைக் கூப்பிட்டு, தொடாமல், குந்திப் பாருங்கள். பழைய கொப்பியொன்றில் திகதியைப் போட்டு எழுதி வையுங்கள்.